பூஜ்ய மீட்டர் குப்பைமேடு

மலையில் ஏறியவர்கள் உண்டு. மலையைக் குடைந்து ரயில் விட்டவர்கள் உண்டு. வெடி வைத்து ஜல்லியாக்கி விற்றவர்களும் உண்டு. ஆனால் ஒரு மலையை, அதிலிருந்து ஒரு கூடைகூட அள்ளாமல், ஒரே காலைப்பொழுதில் இல்லாமல் ஆக்கிய பெருமை மனித வரலாற்றில் ஒருவருக்குத்தான் சேரும். அவர் நகராட்சியின் குப்பை அளவைப் பிரிவுத் தலைவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'துல்லியம்'. டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால்கூட "துல்லியமாச் சொல்லணும்னா..." என்று ஆரம்பிப்பார். சொல்லி முடிப்பதற்குள் ஆறிவிடும். சூடான டீ எப்படி இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது.

அவர் இல்லாமல் ஆக்கியது ஊர்க்கோடியில் இருக்கும் குப்பைமேட்டை. 'இருக்கும்' என்று எழுதியது நகராட்சி ஆவணங்களின்படி பிழை. பழக்கதோஷம், மன்னிக்க வேண்டும்.

விதி எளிமையானது. மேடு இருபது மீட்டரைத் தாண்டினால் கொட்டுவதை நிறுத்த வேண்டும். அடிவாரத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கொடுத்து அனுப்ப வேண்டும். நகராட்சியிடம் கொட்ட வேறு இடம் இல்லை, கொடுக்க வீடும் இல்லை. ஆகவே மேடு இருபதைத் தாண்டவில்லை. ஆணையர்கள் வந்தார்கள், போனார்கள். லாரிகள் நாள் முழுக்கக் கொட்டின. மேடு மட்டும் பத்தொன்பதரையிலேயே அடக்கஒடுக்கமாக நின்றது.

இந்த நிம்மதியைக் கெடுத்தது நவீனம். புதிதாக வந்த ஆணையர் ஒரு ட்ரோன் வாங்கினார். அதைப் பறக்கவிட, கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் வேலைக்கு வந்தார். மாப்பிள்ளைகளின் வழுக்கையை மேலிருந்து காட்டிக்காட்டி அந்தத் தொழிலில் அவருக்கு வாய்ப்புக் குறைந்திருந்தது. அலுவலகம் அவரை 'விமானி' என்று அழைத்தது.

முதல் பறப்பு அடிவாரத்து கேட்டிலிருந்து. ட்ரோன் எழும்பி, மேட்டின் உச்சியை உரசுகிற மாதிரி நின்றது. பறப்புப் பதிவில் உயரம் முப்பத்து நான்கு மீட்டர் என்று வந்தது. உடனே அவசரக் கூட்டம் கூடியது.

"முப்பத்து நாலா?" என்றார் ஆணையர். "மெஷினுக்கு நம்ம ஊர் இன்னும் பழகல. கொஞ்சம் பழகட்டும்."

அடுத்த முறை துல்லியமும் விமானியும் போனபோது கேட்டருகே முழங்கால் அளவு சேறு, போதாததற்கு நாய்கள். குப்பை லாரி ஒன்று இருவரையும் உச்சிவரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கியது. மேலே நல்ல காற்று. நாற்றம்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்தது. விமானி அங்கேயே ட்ரோனை வைத்துக் கிளப்பி, உச்சியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். பதிவில் உயரம் பூஜ்யம்.

"சார், ஒண்ணு சொல்லணும்," என்றார் விமானி. "இது கிளம்பற இடத்தைத்தான் பூஜ்யம்னு வச்சுக்கும். மொட்டை மாடியில இருந்து கிளப்பினா மொட்டை மாடி பூஜ்யம். கிணத்துக்குள்ள இருந்து கிளப்பினா கிணறு பூஜ்யம்."

"மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டார் துல்லியம்.

"சொல்லாது சார்."

"நீங்க பொய் சொல்றீங்களா?"

"ஐயோ, இல்ல சார்."

"அப்ப இங்க பொய்யே இல்லையே. எழுதுங்க, பூஜ்யம்."

துல்லியத்துக்கு விஷயம் புரியாமல் இல்லை. அவருடைய மனசாட்சி ஒரு தடவை தொண்டையைக் கனைத்தது. அதற்குள் கீழே சாலையில் ஆணையரின் கார் வந்துவிட்டது.

அதன் பிறகு நடந்தது ஊரறிந்த சாதனை. 'மேடில்லா நகரம்' என்று சுவரெல்லாம் விளம்பரம் எழுதினார்கள். ஒரு விருதும் கிடைத்தது. வெளியூர்களிலிருந்து குழுக்கள் வந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இல்லாத மேட்டை அண்ணாந்து பார்த்து வியந்துவிட்டுப் போயின. ஆணையர் ஒரு கணக்குப் போட்டார். அனுமதி இருபது மீட்டர், இருப்பு பூஜ்யம். ஆக இன்னும் இருபது மீட்டர் கொட்டலாம். அக்கம்பக்கத்து ஊர் லாரிகளும் வரவேற்கப்பட்டன. கொட்டிய பிறகு புது உச்சிக்குப் போய் ட்ரோனைக் கிளப்பினால் மறுபடியும் பூஜ்யம். இவ்வளவு கொட்டியும் தலை தூக்காத மேடு உலகில் வேறெங்கும் இல்லை.

இந்தச் சாதனையைப் பாராட்டாத ஒரே ஜீவன் துல்லியத்தின் அக்கா. அடிவாரத் தெருவின் கடைசி வீடு அவருடையது. அதன் பின்சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். அந்த வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்துத்தான் துல்லியம் இன்ஜினியர் ஆனார். அக்கா கரண்டியும் கையுமாக நின்று பாடம் ஒப்பிக்கச் சொல்வார். தப்பாகச் சொன்னால் கரண்டி பேசும். ஆணையரிடம் துல்லியத்துக்கு இருந்தது வெறும் பயம். அக்காவிடம் பயமும் உண்டு, உயிரும் உண்டு.

ஆய்வுக் கூட்டத்துக்கு நடுவில் அக்காவின் போன் வந்தது.

"தம்பி, சமையல்கட்டுச் சுவர் வயிறு தள்ளியிருக்குடா. ஒரு எட்டு வந்து பாரு."

"அக்கா, கூட்டத்துல இருக்கேன். அங்க மேடே இல்லன்னு இப்பதான் தீர்மானம் போட்டுட்டு இருக்கோம்."

"அப்ப என் சுவரை யாருடா தள்றது?"

சாயங்காலம் போனார். அத்தான் கட்டிலை நிமிர்த்திச் சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அதன் எதிரே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார்.

"வாங்க மச்சான். சுவரைத் தொட்டுடாதீங்க, அதுக்குப் பிடிக்கல."

சுவரின் விரிசல் வழியாகக் கறுப்புத் தண்ணீர் கசிந்து, அடுப்பைச் சுற்றிக்கொண்டு வாசலைப் பார்த்துப் போனது. பாத்திரங்களெல்லாம் ஏற்கனவே முன்னறைக்குக் குடிபோயிருந்தன.

"என்கிட்ட மறைக்காம சொல்லு," என்றார் அக்கா. "மேடு எவ்வளவு இருக்கு?"

"துல்லியமாச் சொல்லணும்னா..."

"சுமாராவே சொல்லு, போதும்."

துல்லியம் பேச்சை மாற்றினார். "நீயும் அத்தானும் நம்ம வீட்டுக்கு வந்துடுங்கக்கா," என்றார்.

"பக்கத்து வீட்டுல பிள்ளைத்தாச்சி இருக்கா. எதிர் வீட்டுல நடக்க முடியாத மனுஷன். அவங்களையும் கூட்டிட்டு வரட்டுமா? தெருவே வரட்டுமா? மழை வந்துச்சுன்னா இது நிக்காதுடா. நீ ஒரு வார்த்தை எழுதினா எங்களை எல்லாம் வேற இடத்துல குடிவைப்பாங்க. உன் கையிலதான் இருக்கு."

வீடு திரும்பும் வழியெல்லாம் துல்லியத்துக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் காலை விமானியைக் கூட்டிக்கொண்டு நேராக அக்கா வீட்டு வாசலுக்குப் போனார். ட்ரோன் வாசற்படியிலிருந்து கிளம்பி உச்சியைத் தொட்டது. நாற்பத்தொன்று. "இதுதான் சார் நிஜம்!" என்று விமானி கைதட்டினார். துல்லியம் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு ஆணையரின் அறைக்குள், கதவைத் தட்டாமலே நுழைந்தார். அவர் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய வீரச்செயல் அதுதான். நல்லவேளை, அதைப் பார்க்க உள்ளே ஆலோசனைக் கூட்டமே நடந்துகொண்டிருந்தது.

ஆணையர் கோபப்படவில்லை. அதனால்தான் அவர் ஆணையர். பதிவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பழைய பதிவும் நிஜம், இதுவும் நிஜம். அப்படித்தானே?"

"ஆமா சார், ஆனா..."

"மேடு பூஜ்யம்னு விருது வாங்கியாச்சு. அதுல கை வைக்க முடியாது. மேட்டுக்கும் தெருவுக்கும் நாப்பத்தோரு மீட்டர் வித்தியாசம்னா, தெரு எங்க இருக்கு?"

கூட்டத்தில் இருந்த சட்ட ஆலோசகர், "கீழ சார்," என்றார்.

"எவ்வளவு கீழ?"

"மைனஸ் நாப்பத்தொண்ணு."

ஆணையர் எழுந்து நின்றுவிட்டார். "நாப்பத்தோரு மீட்டர் பள்ளம்! நம்ம எல்லைக்குள்ள, நம்ம அனுமதி இல்லாம, ஒரு தெருவே சேர்ந்து தோண்டி அதுக்குள்ள குடியும் இருக்கு. இத்தனை வருஷமா நாம என்ன பண்ணிட்டு இருந்தோம்?"

"தோண்டின மண்ணை எங்க வித்தாங்கன்னும் விசாரிக்கணும் சார்," என்றார் சட்ட ஆலோசகர்.

துல்லியம் பதறிப்போனார். "சார், அங்க என் அக்கா குடியிருக்காங்க சார்!"

ஆணையர் அவர் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. "சொந்த அக்கான்னும் பாக்காம கண்டுபிடிச்சீங்க பாருங்க. இதுதான்யா நேர்மை!"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டல் ஓயும் முன்பே துல்லியம் புதிதாக உருவான 'ஆழ அளவைத் துறை'க்கு இயக்குநர் ஆகிவிட்டார். தனி அறை, ஏசி, சுழலும் நாற்காலி. நியாயமாகப் பார்த்தால் அவர் அப்போதே மறுத்திருக்க வேண்டும். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி நிற்பதற்குள் நோட்டீஸ்கள் மேசைக்கு வந்துவிட்டன. முதல் சிலவற்றில் கையெழுத்து கோணலாக விழுந்தது. போகப்போக நேராகிவிட்டது.

நோட்டீஸின் நடையை அலுவலகமே மெச்சியது: 'தங்களால் அனுமதியின்றித் தோண்டப்பட்டுள்ள பள்ளத்தைத் தாங்களே தங்கள் சொந்தப் பொறுப்பில் நிரப்ப வேண்டியது. தவறும் பட்சத்தில் நகராட்சியே, தன் வசமுள்ள பொருளைக் கொண்டு, மேற்படி பள்ளத்தை நிரப்பும்.'

புது இயக்குநருக்குப் பாராட்டு விழா நடந்த அன்று, கூட்ட அரங்கின் கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தார். கையில் நோட்டீஸ். மேடையில் பூச்செண்டோடு நின்ற தம்பி அந்தக் கையைத்தான் பார்த்தார். கரண்டி இல்லாமல் வந்திருக்கிறாரே என்று முதலில் நிம்மதிப்பட்டார். பிறகு, கரண்டியோடு வந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்.

அக்கா சத்தம் போடவில்லை. "எனக்கு ஒரு சந்தேகம்," என்றார். "நிரப்பறது நிரப்பறீங்க. நாங்க உள்ள இருக்கும்போதே நிரப்புவீங்களா, இல்ல வெளிய வரச் சொல்லிட்டு நிரப்புவீங்களா?"

"ரொம்ப நல்ல கேள்விம்மா," என்றார் ஆணையர். "ஒரு குழு போட்டு முடிவு பண்ணிடலாம்."

"நான் உங்களைக் கேக்கல. கையெழுத்துப் போட்டவனைக் கேட்டேன்."

துல்லியம் பூச்செண்டை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். அக்கா நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, சுவரை அத்தான் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அக்காவின் கேள்வி இப்போது குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. முதல் கூட்டம் மழைக்காலம் முடிந்ததும் கூடும். மழை நேற்று ஆரம்பித்திருக்கிறது. நகராட்சியின் எதிரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடிவாரத் தெருவில் இனி எது நடந்தாலும் அதை விபத்து என்று சொல்லி இந்த நிர்வாகத்தைக் கேவலப்படுத்திவிடாதீர்கள். அது துல்லியமாக அளந்து, கூடிப் பேசித் தீர்மானித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் முறைப்படி எழுத்தில் தெரிவித்து, கூடப் பிறந்தவனே கையெழுத்துப் போட்ட வேலை.