திமிங்கிலத்தை அலையாக்கினேன்

உண்மை பேசிய ஒரு மனிதரை, அவருடைய மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்துகொண்டே நான் பொய்யராக்கினேன். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு பேச்சைக்கூடச் சின்னதாகத் தொடங்கியதில்லை. ‘உலகத்திலயே’ என்றுதான் ஆரம்பிப்பார். கனடாவில், பார்க்டேல் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடம் முழுவதும் அவருக்கு ‘உலகத்திலயே அண்ணை’ என்றே பெயர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

திருகோணமலைக் கடலில் மீன் பிடித்தவர். இலங்கையின் மரம், மிருகம், பழம் எல்லாவற்றுக்கும் தன்னையே ஏஜென்டாக நியமித்துக்கொண்டவர். ஒருமுறை நயாகராவுக்குக் கூட்டிப்போனோம். எல்லோரும் வாய்பிளந்து நிற்க, அவர் நீர்வீழ்ச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாளிப்பனையைப் பற்றிப் பேசினார்.

“உலகத்திலயே பெரிய பூங்கொத்து அதுக்குத்தான். ஆயுசில ஒருக்காத்தான் பூக்கும். பூத்து முடியச் செத்துப்போம். உந்தத் தண்ணி ஒவ்வொரு நாளும் விழுது. உதில என்ன இருக்கு?”

இன்னொரு நாள் சைனீஸ் கடையில் ஒரு முழுப் பலாப்பழம் வாங்கி, ஸ்ட்ரீட்கார் என்கிற டிராமில் தன் பக்கத்து இருக்கையில் இருத்திக்கொண்டு வந்தார். ஒரு வெள்ளைக்கார மாது அந்த இடத்தைக் காட்டி ஏதோ கேட்டார்.

“உலகத்திலயே பெரிய மரப்பழம் இருக்குது, எழுப்பேலாது எண்டு சொல்லுங்கோ மாஸ்டர்.”

ஊரில் நான் விஞ்ஞான ஆசிரியன். அதனால் அவருக்கு மாஸ்டர். நான் “மன்னிக்க வேண்டும்” என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லி, பழத்தைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். வீடுவரை முள் குத்தியது. அவர் பேச்சை வெட்டிச் சின்னதாக்கும் வியாதி எனக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது.

அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பதுதான் அப்போது என் தொழில். ஒருநாள் அவருடைய விசாரணைக்கே என்னைப் போட்டார்கள். தெரிந்தவர் என்று சொல்லி நான் விலகியிருக்க வேண்டும். விலகவில்லை.

கடலில் துவக்கை நீட்டிக்கொண்டு துரத்திய படகிலிருந்து எப்படித் தப்பினீர்கள் என்று அதிகாரி கேட்டார். அண்ணை எழுந்தே நின்றுவிட்டார்.

“உலகத்திலயே பெரிய பிராணி, நீலத்திமிங்கிலம், ரெண்டு படகுக்கும் நடுவில வந்து எழும்பினது. அவங்கள் வெருண்டு திரும்பிட்டாங்கள். என்ர உயிரைக் காப்பாத்தினது திமிங்கிலம். வடிவாச் சொல்லுங்கோ, திமிங்கிலம்!”

எனக்குக் கூச்சமாகிவிட்டது. இதை அப்படியே சொன்னால் அதிகாரி சிரிப்பார், எங்கள் ஆட்கள் எல்லோருமே பொய்யர்கள் என்று நினைப்பார் என்று பயந்தேன். “ஒரு பெரிய அலை எழுந்தது, துரத்தியவர்கள் திரும்பிவிட்டார்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஏதோ உபகாரம் செய்துவிட்டவன்போல ஒரு கிளாஸ் தண்ணீரும் குடித்தேன்.

அவருடைய எழுத்து வாக்குமூலத்தில் வக்கீல் திமிங்கிலத்தை வாலோடு இறக்கி வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. முடிவு வந்தது. எழுத்தில் திமிங்கிலம், நேரில் அலை. கதை மாறுகிறது, நம்ப முடியாது. அவரைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள்.

“கனடாக்காரருக்குத் திமிங்கிலம் விளங்கேல்லைப் போல” என்று கட்டடம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நான் நான்கு நாட்கள் அவர் கண்ணில் படாமல் பின்படியால் ஏறி இறங்கினேன். ஐந்தாம் நாள் அவர் கதவைத் தட்டினேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்தி நின்றது. “என்ர திமிங்கிலத்தை அலையாக்கினனீரோ?”

அதுவரை என்னிடம் ‘நீங்கள்’ என்றே பேசியவர், முதல்முறையாக ‘நீர்’ என்றார்.

“ஓம் அண்ணை.”

“அலை ஒவ்வொரு நாளும் வரும் மாஸ்டர்! குறைஞ்சது ஒரு சுறாவெண்டாவது சொல்லியிருக்கலாமே!”

என்னால் தலை நிமிர முடியவில்லை. அவர் வெட்டிய மீனைச் சட்டியில் போட்டார். “இருந்து சாப்பிட்டிட்டு வக்கீலிட்டப் போம்” என்றார்.

போனேன். செய்ததை எழுதிக் கையெழுத்து வைத்தேன். விசாரணையின் ஒலிப்பதிவைக் கேட்டார்கள். அண்ணையின் குரலில் திமிங்கிலம் மூன்று தரம் வந்தது. என் ஆங்கிலத்தில் ஒரு தரம்கூட இல்லை. மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து என்னை நீக்கினார்கள். நியாயம்தான். அவருக்கு மறுவிசாரணை கிடைத்தது.

அன்று விசாரணை அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் உள்ளே மொழிபெயர்த்தாள். மத்தியானம் கதவு திறந்தது.

“ஏற்றுக்கொண்டிட்டாங்கள் மாஸ்டர்! அந்தப் பிள்ளை ஒண்டும் விடாமல் சொன்னவள். அதிகாரி, திமிங்கிலம் எவ்வளவு நீளம் எண்டு கேட்டவர்!”

முடிவு வந்த நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று அந்த வாங்கிலேயே இறங்கிப் போனது. நான் அழுதேன். அவர் நீளத்தைக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார், கை போதவில்லை.

இப்போது அவர் பிக்கரிங்கில் மகளோடு, நான் மோர்னிங்சைட்டில். போன மாதம் இருவரும் ஒரு நூதனசாலைக்குப் போனோம். நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு மண்டபம் நிறையக் கிடந்தது. அண்ணை ஊன்றுகோலை நீட்டினார்.

“உது குட்டி. எங்கட கடலில நான் கண்டது உதிலும் ரெண்டு மடங்கு.”

பக்கத்தில் நின்ற காவலாளி, இவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டான். அவ்வளவு பெரிய பிராணி உலகத்தில் கிடையாது என்பது ஒரு விஞ்ஞான ஆசிரியனுக்குத் தெரியாதா? ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன்.

“ரெண்டு மடங்கு எண்டதைச் சொன்னனீங்களோ?”

“சொன்னனான் அண்ணை.”