விரதக்காரனும் சிவாஜிநகர் பிரியாணியும்

என் வாழ்க்கையில் நான் மகா பக்திமானாக இருந்தது, கையில் காசே இல்லாமல் இருந்த காலத்தில்தான்.

1997. பெங்களூரில் பொருளாதார ஆராய்ச்சி மாணவன். (தலைப்பு வறுமை. நேரடி அனுபவம் வேறு.) உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை. டியூஷன் காசு வாடகைக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று. மதியம் நண்பர்கள் ஓட்டலுக்குக் கிளம்பும்போது காசில்லை என்று சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "இன்னிக்கு விரதம்" என்றேன். திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. புதனுக்குச் சாமி கிடைக்காமல் தலைவலி என்று சமாளித்தேன்.

அப்போதுதான் கூடப் படித்த மும்தாஜின் முதல் கட்டுரை அச்சாயிற்று. சிவாஜிநகரிலிருந்து அவளுடைய அம்மா ஒரு தேக்சா நிறைய மட்டன் பிரியாணி செய்து ஆட்டோவில் எங்கள் துறை அறைக்கு அனுப்பினார். அன்று வியாழக்கிழமை. குருவிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று கையைக் கழுவிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தேன்.

எங்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், எங்கள் கைடு, உள்ளே வந்தார்.

"ஏம்மா, விரதக்காரன் முன்னாடியா சாப்பிடுவீங்க? அவன் மனசு சலனப்படாதா? எல்லாரும் தட்டை எடுத்துட்டு வராந்தாவுக்குப் போங்க" என்றவர், என் கையில் இரண்டு வாழைப்பழம் வைத்துவிட்டுக் கதவையும் சாத்திக்கொண்டு போனார்.

அறையில் நான், வாழைப்பழம், மூடிய தேக்சா. நான் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். (ஒரு நிமிடம்கூட இல்லை.) மூடியைத் திறந்து, கையாலேயே அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். அப்படியொரு ருசியை இன்றுவரை நான் பார்த்ததில்லை. மூன்றாவது கவளத்தில் கதவு திறந்தது. மும்தாஜ். அவளுக்குப் பின்னால் கைடு.

"எந்தச் சாமிப்பா, மட்டன் கேக்குது?" என்றார் அவர்.

வாயில் எலும்பு. மும்தாஜ்தான் சொன்னாள்.

"ஸ்காலர்ஷிப் சாமி சார். மூணு மாசமா வரல. எங்களுக்கெல்லாம் தெரியும். கேட்டா ரோஷப்படுவார்னு சும்மா இருந்தோம்."

எனக்கு அவமானத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (பச்சை மிளகாய் என்று சொல்லிக்கொண்டேன்.)

கைடின் முகம் மாறியது. "மத்தவங்களுக்கெல்லாம் வந்துடுச்சே. உனக்கு மட்டும் ஏன் வரல?"

"ஃபாரத்துல நீங்க கையெழுத்துப் போடணும் சார். உங்க டேபிள்லதான் இருக்கு" என்றேன், எலும்பைத் துப்பிவிட்டு.

"கேக்கறதுக்கு என்ன கேடு உனக்கு?"

அவர் ஒரு தட்டை எடுத்து, பிரியாணியை வைத்து என் முன்னால் நகர்த்திவிட்டு, தன் அறைக்குப் போய்ப் படிவத்தைத் தேடினார்.

வீட்டில் நான் சாப்பாடு வேண்டாம் என்றால், "எந்தச் சாமிக்கு?" என்று என் பெண் கேட்கிறாள். கேட்கட்டும். இப்போது நானும் கைடு. மாணவர் யாராவது "இன்னிக்கு விரதம் சார்" என்றால், முதலில் என் மேஜையைத்தான் துழாவிப் பார்க்கிறேன்.