பெருக்கி வைத்த காட்டுக்குப் பதினாலு மார்க்

பண்டசோழநல்லூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி சாமிநாதனுக்கு, அண்ணன் சுப்புராயன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அண்ணி தையலம்மாளும் நலம். வில்லியனூரில் நீயும் புவனேஸ்வரியும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஐயனாரை வேண்டுகிறேன். பதினெட்டு வருஷமாக உனக்கு வக்கீல் மூலமாகவே எழுதிப் பழகிவிட்டதால் நேராக எழுதும் முறையே மறந்துவிட்டது. முதலில் நான் அடைந்த அதிர்ச்சியைக் கேள்.

புதுசாகப் போடும் ரோடு நம் ஐயனார் கோயில்காட்டின் நடுவே போவதாக மேப்பில் கோடு கிழித்துவிட்டார்கள். காடு எவ்வளவு இயற்கையாக இருக்கிறது என்று ஒரு குழு வந்து மார்க் போடும், நூற்றுக்கு அறுபது வந்தால் ரோடு சுற்றிப் போகும், வராவிட்டால் புல்டோசர் என்று தகவல் வந்தது. காட்டுக் கமிட்டித் தலைவன் நான், ஆபீசர் வரும்போது இடம் குப்பையாகக் கிடந்தால் ஊருக்குத்தானே அசிங்கம். முப்பது பேரைத் திரட்டிப் பத்து நாள் சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்தி, பட்டுப்போன மரங்களை வெட்டி அப்புறப்படுத்தி, கொடியை அறுத்து, ஐயனார் புற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றப் புற்றையெல்லாம் இடித்து மட்டம் பண்ணி, மரத்துக்கெல்லாம் இடுப்புயரம் சுண்ணாம்பும் காவியும் அடித்து, ரெண்டு பக்கமும் குரோட்டன்ஸ் வைத்தோம். உன் அண்ணி வாசலில் கோலம் போட்டாள்.

மார்க் போட வந்தது ஆரோக்கிய ஜெனிபர் என்ற பொண்ணு. உள்ளே ஒரு சுற்று போய் வந்து தரையில் குந்திவிட்டது. வெயில் தாங்கவில்லை என்று நினைத்து கோலி சோடா உடைத்துக் கொடுத்தேன்.

"ஐயா, சருகெல்லாம் எங்க?"

"கொளுத்தியாச்சும்மா. ஒரு இலை காட்டு, பாக்கலாம்."

"விழுந்து கெடந்த மரம்?"

"ஒண்ணு கெடையாது. நீங்க வர்றீங்கன்னுதாம்மா."

அது அழுதுவிடுவதைப் போல என்னைப் பார்த்தது. மக்குகிற சருகு, செத்த மரம், கொடி, புற்று, தானாக முளைத்த கன்று, இதுக்குத்தான் மார்க்காம். சுண்ணாம்புக்குக் கழிப்பாங்களாம். மொத்தம் பதினாலு. "அந்தப் பதினாலு இன்னாத்துக்கு?" என்றேன். "மரம் இன்னும் நிக்குதே ஐயா, அதுக்கு." நம்ம ஐயனார் குதிரை மேல ரோடு ரோலர் ஏறப்போவுது, ஏத்திவிட்டவன் நானு.

அப்புறம் அந்தப் பொண்ணு ஒட்டினாப்பல இருக்கற நம்ம கேஸ் நெலத்தைப் பாத்துது. ஸ்டே இருக்கறதால பதினெட்டு வருஷமா நீயும் எறங்கல, நானும் எறங்கல, ஆடு மாடு போனாக்கூட ஆளுக்கொரு பக்கம் வக்கீல் நோட்டீஸ் விட்டோம். முள்ளும் புதருமா மானத்தை வாங்குதேன்னு நான் கூனிக்குறுகி நிக்கறேன், அது உள்ள பூந்து ரெண்டு மணி நேரம் வரல. மூஞ்சியெல்லாம் கீறலோட சிரிச்சிக்கினே வருது. காட்டு மரமெல்லாம் தானா முளைச்சி ஆளுயரம் நிக்குதாம், மரநாய் குட்டி போட்டிருக்குதாம், எண்பத்தெட்டு மார்க். காடு ஒரு ஏக்கர், நம்ம நெலம் ரெண்டு ஏக்கர், ரெண்டையும் சேத்து எழுதினா சராசரி அறுபத்திமூணு வருது, ரோடு சுத்திப் போயிடும், ஆனா பாத்தியதைக்காரங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்னு சொல்லுது.

தம்பி, அப்பா காரியத்தன்னிக்கி வரப்புல நின்னு நான் உன்னைப் பேசினது தப்பு. எனக்கு வெக்கமா இருக்குது. கேஸை ரெண்டு பேரும் வாபஸ் வாங்கிடலாம். வந்து கையெழுத்துப் போட்டுட்டு நம்ம வூட்ல ஒரு வாய் சாப்புட்டுப் போ.

உன் பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் குறைவில்லாமல் இருக்க ஐயனார் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சுப்புராயன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் ஜெனிபர் போன் செய்தது. சமாதானமாகப் போகிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். "ஐயா, கேஸ் முடிஞ்சா அந்த எடத்தை இன்னா பண்ணுவீங்க?" என்றது. "மொதல்ல சுத்தம் பண்ணுவோம்மா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆகவே தம்பி, வாபஸ் என்று எழுதியதை அடித்துவிடவும். கையெழுத்தை மட்டும் போடு, கேஸ் நடக்கட்டும். பன்னிரண்டாம் தேதி வாய்தாவுக்கு வந்து வழக்கம்போல என்னை முறைத்துக்கொண்டு நில். முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் டீக்கடைக்கு வா, உன் அண்ணி உனக்குச் சாப்பாடு கட்டித் தருகிறாள். நான் பேசினது தப்பு என்று எழுதியிருக்கிறேனே, அதை அடிக்காதே.