அது வேற, இது வேற

ஓட்டிப்பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மழை விடுமா, கூட்டம் கலையுமா, பக்கத்து வீட்டுச் சண்டை ஓயுமா என்று எதைக் கேட்டாலும் கண்ணை மூடி, மனசுக்குள் கொஞ்சம் ஓட்டிப் பார்த்து, தலையை ஒரு ஆட்டு ஆட்டித் தீர்ப்புச் சொல்லிவிடுவார். தீர்ப்பு தவறிப்போனால்? மழைமேல்தான் தப்பு.

நான் சொல்லவந்த ஓட்டிப்பார்ப்பவர் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுகிறவர். கை சும்மா இருக்குமா? எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது ஓடி நிற்குமா, நிற்காமல் சுற்றிக்கொண்டே கிடக்குமா என்று சொல்வதற்கு ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். கொடுத்ததைத் தனக்குள்ளேயே ஓட்டிப் பார்க்குமாம். வந்த வழியே திரும்பத் திரும்ப வந்தால் பாதியில் அமுக்கிவிட்டு, ‘நிற்காது’ என்று சொல்லுமாம். அப்படி எல்லாவற்றுக்கும் சொல்கிற ஒன்றை எழுதவே முடியாதென்று பெரியவர்கள் என்றைக்கோ நிரூபித்துவிட்டார்களாம். அதனால் என்ன? இவரைக் கேட்டா நிரூபித்தார்கள்?

அன்று மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. முதல் பேத்தி. மனைவி துண்டும் ஃபிளாஸ்க்கும் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். பொழுது சாய்ந்தால் ஆஸ்பத்திரியில் உள்ளே விடமாட்டார்கள். ஐயாவோ சாப்பாட்டு மேஜையில், அவள் தம்பியோடு. தம்பிக்கும் அதே தொழில். கேட்க வேண்டுமா?

“அத்தான், என் புரோகிராம் உங்களோடதுகிட்ட ‘நான் நிப்பேனா’ன்னு கேக்கும். உங்களோடது நிக்கும்னு சொன்னா என்னோடது சுத்திக்கிட்டே இருக்கும். நிக்காதுன்னு சொன்னா டக்குன்னு நின்னுடும். இப்ப சொல்லுங்க.”

“நிக்காது. ஓட்டிப் பாத்தாச்சு.”

“இதோ நின்னுடுச்சே!”

“மச்சான், உள்ளே நான் ஓட்டினது நிக்கலை. வெளியே நிக்கிறது நகல் மாதிரி. அது வேற, இது வேற.”

இந்த இனத்தின் தாரக மந்திரமே இதுதான்.

மனைவிக்குப் புரோகிராம் தெரியாது, புருஷனைத் தெரியும். வருவார் என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவார். வரமாட்டார் என்றால் முதல் ஆளாகச் செருப்பைத் தேடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவள் குடும்பம் நடத்துவது இந்தச் சூட்சுமத்தில்தான்.

“நீங்க எங்கே வரப்போறீங்க? உக்காந்து பேசுங்க, நான் போறேன்” என்றாள்.

“வரமாட்டேன்னு யார் சொன்னா?” என்று எழுந்து ஒரு காலில் ஷூவையும் மாட்டிவிட்டார். மாட்டிய மனுஷனைப் போகவிடக் கூடாதா? தம்பிக்காரன் கையைத் தட்டினான்.

“பாத்தீங்களா! நீங்க வரமாட்டீங்கன்னு அக்கா சொன்னா, உடனே கிளம்பிட்டீங்க. நீங்கதான் அத்தான் அந்தப் புரோகிராம்!”

ஐயா ஒற்றை ஷூவோடு மறுபடி உட்கார்ந்தார். “அது வேற, இது வேற...”

அவள் பையைத் தோளில் மாட்டினாள். தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். வருவார் என்றும் சொல்லவில்லை, வரமாட்டார் என்றும் சொல்லவில்லை. ஆண்டவன் விட்ட வழி என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

“அப்பா வரலையாம்மா?” என்றாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மகள்.

“தெரியாதும்மா. நான் எது சொன்னாலும் பொய்யாக்கிடுவாரு. வாயைத் திறக்கப் போறதில்லை.”

பார்வை நேரம் முடிகிற மணி அடிக்கும்போது, ஒரு காலில் ஷூ, ஒரு காலில் செருப்பு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்றார். அவள் ஒன்றும் சொல்லாமல் போனதில், மறுத்துப் பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டதே, பாவம்!

குழந்தை வீல்வீலென்று கத்திக்கொண்டிருந்தது. “நிறுத்தவே மாட்டேங்கறா” என்றாள் நர்ஸ்.

ஐயா குனிந்தார். கண்ணை மூடிக் கேட்டார். “ஒரே ராகம் ரெண்டு சுத்து வந்துடுச்சு. இது நிக்காது.”

குழந்தை சட்டென்று நிறுத்திவிட்டு, யார் இந்த ஆள் என்று பார்த்தது.

“சந்தேகமே வேண்டாம். உங்க பேத்திதான்” என்றாள் மனைவி.

“அது வேற...” என்று ஆரம்பித்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. பேச்சு அதோடு நின்றது. தானாகவே.

சிரிக்கிறீர்களா? அத்தானும் மச்சானுமாகக் கத்தும்போதே, இது இப்படித்தான் முடியும் என்று நீங்களும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கவில்லை? பார்த்தீர்கள். என்ன, அது வேற, இது வேறயா?

சரி சரி.