மாமாவின் தோட்டத்தில் நான் கண்ட மடிப்பு

கழுத்தைத் திருப்பிப் பார்க்கச் சோம்பல் பட்டு ஒருவன் வேலையை இழக்க முடியுமா என்றால், முடியும். நான் இழந்தேன்.

ஆரியங்கோட்டில் மாமாவுக்கு மலைச்சரிவில் ரப்பர் தோட்டம் உண்டு. அதன் அடியில் புதைந்த பாறை கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் நசுங்கி மடிந்ததா என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. பட்டம் வந்தால் கல்லூரியில் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். (வராவிட்டால் என்று நான் யோசிக்கவே இல்லை. அவ்வளவு திமிர்.)

அதிர்வை அளக்கும் சின்னக் கருவிகளை நேர்க்கோட்டில் மண்ணில் குத்தி, ஒரே வயரில் கோர்த்து, கோட்டின் முனையில் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அதிர்வு எந்தக் கருவிக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பதை வைத்துக் கணினி பாறையை வரைந்து தரும்.

அன்று காலை எல்லாம் குத்திவிட்டு மாமா வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும், வயிறு முட்ட. திரும்பி வந்தபோது குனிய முடியவில்லை. நின்ற இடத்திலேயே தகட்டின்மேல் சம்மட்டியைப் போட்டேன். மண்டிக் கிடந்த கொடிகளுக்குள் வயர் எப்படிப் போகிறது என்று பார்க்கவில்லை.

கணினியில் மடிப்பு ஜம்மென்று எழும்பி வந்தது. அதை நம்பி ஆய்வேட்டையே எழுதி முடித்தேன்.

இறுதி வாய்மொழித் தேர்வுக்கு மாமா சலவை வேட்டியில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நன்றி சொல்லும் கடைசிப் படமாக, அன்று அவர் போனில் எடுத்த தோட்டத்துப் படத்தைக் காட்டினேன். (அதில் என் முகம் நன்றாக விழுந்திருந்தது. வேறெதையும் நான் பார்க்கவில்லை.)

தேர்வாளர் மலையாளத்தில் கேட்டார். "இந்த வயர் எந்தா இங்ஙன வளஞ்ஞு கிடக்குன்னது?"

பார்த்தேன். சரிவில் வெட்டிய படியின் ஓரமாக, மரவரிசையோடு வளைந்து வளைந்து கிடந்தது வயர்.

மாமா எழுந்தார். "அது நான் மாத்தி வச்சதாக்கும் சாரே. இவன் காப்பி குடிச்சிட்டு இருந்தப்போ. ரப்பர் பால் எடுக்க வாற பொம்பள தட்டி விழப்பிடாதுல்லா? இடைவெளி எல்லாம் நாடா பிடிச்சுத்தான் குத்தினேன்."

வரிசை வளைந்ததில் கருவிகள் சம்மட்டிக்குக் கிட்டே வந்துவிட்டன. அதிர்வு சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. நேர்க்கோடு என்று நான் சொன்னதை நம்பிய கணினி, பாறை மேலே எழும்பியதாக வரைந்துவிட்டது. அந்த இடத்திலேயே அழுதுவிடுவேன் போலிருந்தது.

திரும்பி வரும்போது நெய்யாற்றின்கரை பஸ்ஸில் மாமா மெதுவாகக் கேட்டார். "பின்ன, பட்டம் எப்போ மக்கா கிட்டும்?"

எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தேன். பாறை சமர்த்தாக நேரே படுத்திருந்தது. பட்டம் வருவதற்குள் கல்லூரி வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

என் கல்யாணத்தில் தாலியைக் கையில் எடுத்தபோது பின்னாலிருந்து மாமாவின் குரல். "எலே, ஒருவட்டம் நல்லா பாத்துட்டுக் கெட்டு. பொண்ணையும் நான் மாத்தி வச்சிருந்தாலோ?"

மண்டபமே சிரித்தது. நான் குனிந்து, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன்.