மூன்றாம் கட்டிலுக்கும் ஐந்தாம் கட்டிலுக்கும் நான் பொறுப்பல்ல

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இன்னொருத்தி செய்து வைத்துவிட்டுப் போன தப்புகளுக்காக எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது, இந்த ஆஸ்பத்திரிக்கு மேனேஜராக இருக்கும் உன் சம்பந்தி. கொடுக்கச் சொன்னது அந்தத் தப்புகளைச் செய்தவளே. இதை முதலில் சொல்லியாகிவிட்டது, இனி நலம் விசாரிக்கிறேன். நீயும் உன் மனைவியும் சுகம்தானே? புகுந்த வீட்டில் நம் பெண் சந்தோஷமாக இருக்கிறாளா? உன் முட்டிவலிக்கு நான் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா? செய்திருக்க மாட்டாய். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று போனில் நீ என்ன சொன்னாய்? "ஒரு கையெழுத்துதானேக்கா, போட்டுட்டு வேலையைப் பாரேன்" என்றாய். எதற்குக் கீழே அந்தக் கையெழுத்து என்று கேட்டாயா? 'என் கவனக்குறைவால் நேர்ந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்' என்பதற்குக் கீழே. திங்கட்கிழமைக்குள் போடாவிட்டால் வேலை போய்விடும். போட்டால் வேலை இருக்கும், ஆனால் அந்தச் சொல் என் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும். கவனம் இல்லாத நர்ஸிடம் யார் கையை நீட்டுவார்கள்? பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனவள் நான். வார்டில் நின்றபடியே கற்றுக்கொண்டு, அடுப்படியில் தனியாக உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதித் தேறினேன். பழைய ஆஸ்பத்திரியை இழுத்து மூடும்வரை அங்கே என்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னிடம் சொத்து என்று இருப்பது அந்தக் கவனம்தான். அதையும் குறைவு என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

நடந்ததைக் கேள். எனக்கு முன்னால் பெண்கள் வார்டைப் பார்த்துக்கொண்டவள் மேற்பார்வையாளராகப் பதவி உயர்ந்து மாடிக்குப் போனாள். போகிறவள் வார்டை என்னிடம் எப்படி ஒப்படைத்தாள் தெரியுமா? லிஃப்டுக்குள் ஒரு கால், வெளியே ஒரு கால், தோளில் கைப்பை. "எல்லாம் கட்டில் நம்பர்படி இருக்குக்கா, நம்பரைப் பாத்துக்கிட்டாப் போதும்" என்றாள். கதவு மூடிக்கொண்டது. அவ்வளவுதான் ஒப்படைப்பு.

அன்று காலையிலேயே ஓர் அம்மாள் மணியை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் சிவந்து உட்கார்ந்திருந்தார். எனக்கோ ஒரு சத்தமும் கேட்கவில்லை. மணிப்பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே பஞ்சு. காயத்துக்குக் கட்டுப்போடுவதுபோல அழகாக அடைத்து, மேலே பிளாஸ்திரி வேறு ஒட்டியிருந்தது. பழையவளுக்குச் சத்தம் ஆகாதாம். மெமோவில் இது என் கணக்கில்: 'நோயாளி அழைத்தும் செல்லவில்லை.' அடுத்தது சக்கர நாற்காலி. ஜன்னல் கம்பியில் அதை அழுக்குக் கட்டுத்துணியால் கட்டியிருந்தார்கள். நோயாளி உட்காருகிற இடத்தில் இந்த அசிங்கம் எதற்கு என்று அவிழ்த்துத் துணியைக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்புகிறேன், நாற்காலியைக் காணோம். பிரேக் போய் எத்தனையோ காலம் ஆகிறதாம், அந்தத் துணிதான் பிரேக்காம்! ஆளில்லாமல் சரிவுப் பாதையில் இறங்கி, உன் சம்பந்தியின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போய், அவர் மேஜையில் முட்டி நின்றதாம். அவர் நிமிர்ந்து பார்த்து, "உட்காருங்க" என்று சொல்லியிருக்கிறார். யாரும் இல்லை. இதுவும் என் கணக்கில்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கட்டில் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்றாம் கட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிறது. அது தையல்காரம்மாவுடையது. பாவம், பலவீனம், காற்று பட்டாலே நடுங்குவார். சுவரோரம் இருக்கும் ஐந்தாம் கட்டில் டீச்சரம்மாவுடையது. அவருக்குச் சர்க்கரை வியாதி, விசிறி இல்லாவிட்டால் உயிரே போய்விடும் என்பார். இரண்டு பேரும் சண்டை போட, பழையவள் ஆட்களை மட்டும் மாற்றிப் படுக்க வைத்துவிட்டாள். கட்டில் நம்பர், பெயர்ச்சீட்டு, மருந்துக் குறிப்பு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. மாற்றி எழுதச் சோம்பல். சாப்பாட்டுத் தட்டையும் மருந்தையும் மனசுக்குள்ளேயே மாற்றிக் கொடுத்து ஓட்டியிருக்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தாள். யார் பெயர் கேட்டாலும் கட்டிலில் எழுதியிருக்கும் பெயரையே சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் பாடம் எடுத்திருக்கிறாள். சொல்லாவிட்டால் பழைய கட்டிலுக்கே அனுப்பிவிடுவேன் என்று மிரட்டலும் உண்டு.

நான் பெயர் கேட்காமல் யாருக்கும் தண்ணீர்கூடக் கொடுக்கிறவள் இல்லை. கேட்டேன். மூன்றாம் கட்டிலில் இருந்த டீச்சரம்மா தையல்காரம்மாவின் பெயரைக் கணீரென்று சொன்னார். தெம்புக்காக எழுதியிருந்த இனிப்புக் கஞ்சியைக் கொடுத்தேன். "தங்கமான பொண்ணும்மா நீ" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டு, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். ஐந்தாம் கட்டிலில் இருந்த தையல்காரம்மா டீச்சரம்மாவின் பெயரைச் சொன்னார், ஆனால் மெதுவாக. அந்தப் பெயருக்கு எழுதியிருந்தது எனிமா. "எனக்கு எதுக்கும்மா இது? நான் காலையிலேயே போயிட்டேனே" என்றார். நான் மறுபடியும் பெயர் கேட்டேன். ஒரு நிமிடம் விசிறியைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு டீச்சரம்மாவின் பெயரையே சொன்னார். இனி நான் என்ன செய்ய? அவர் அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்பதா?

பார்வையாளர் நேரத்தில் இரண்டு பேருடைய மகள்களும் வந்தார்கள், கட்டில் மாறாட்டம் வெளிப்பட்டு வார்டு இரண்டுபட்டது. டீச்சரம்மாவுக்குச் சர்க்கரை ஏறித்தான் போயிற்று. டாக்டர் வந்து ஊசி போட்டு இறக்கினார், கெடுதல் ஒன்றும் இல்லை. தையல்காரம்மாவுக்கும் கெடுதல் இல்லை, வெட்கம்தான்.

விசாரணை உன் சம்பந்தியின் அறையில் நடந்தது. பழையவள் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் நின்றேன்.

"பேஷன்டுங்க அவங்க இஷ்டத்துக்கு மாறிப் படுத்துக்கிட்டாங்க சார். வந்தவங்க கவனிச்சிருக்கணும்" என்றாள்.

"பேர் கேட்டீங்களா?" என்றார் உன் சம்பந்தி.

"கேட்டேன். தப்பாச் சொன்னாங்க."

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் குடுத்தீங்க?"

"தப்புன்னு தெரிஞ்சா எதுக்குங்க பேர் கேக்கிறேன்?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நம்ம சொந்தம்னுதான் மெமோவோட விடுறேன்" என்றார். "சொந்தம் வேண்டாங்க, விசாரணை பண்ணுங்க. அந்த ரெண்டு அம்மாவையும் கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன். கேட்டார்கள். விசிறி போய்விடும் என்று ஒருவரும், விசிறி வந்துவிடும் என்று ஒருவரும் வாயே திறக்கவில்லை.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆகவே, நீ உன் சம்பந்தி வீட்டுக்கு நேரில் போக வேண்டும். கெஞ்சக் கூடாது. காபி கொடுத்தால் குடிக்கலாம், அதற்காகப் பேச்சைக் குறைக்கக் கூடாது. பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே என்று நெளியாதே. நாம் பெண்ணைத்தான் கொடுத்தோம், என் பெயரைக் கொடுக்கவில்லை. நீ போகாவிட்டால் திங்கட்கிழமை நானே வீட்டுக்கு வந்துவிடுவேன், உன் வீட்டுக்கு, பெட்டியோடு.

உன் மனைவிக்கு என் அன்பு. எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாக அந்த வார்டுப் பக்கம் வர நேராமல், நீண்ட நாள் வாழ ஆசீர்வாதம்.

உன் அக்கா

பி.கு. மேலே எழுதியதில் சம்பந்தி வீட்டுக்குப் போகச் சொன்னதை விட்டுவிடு, நிலைமை மாறிவிட்டது. கடிதத்தை ஒட்டுவதற்குள் புது டாக்டர் ஒருவர் சுற்றி வந்தார். உன் சம்பந்தியும் பழையவளும் கூடவே வந்தார்கள். விசாரணை முடிந்ததும் இரண்டு பேரையும் அவரவர் கட்டிலுக்கே நான் மாற்றிவிட்டதால், டீச்சரம்மா இப்போது தன் சொந்தக் கட்டிலில்தான் இருக்கிறார். டாக்டர் பெயர் கேட்டார். பழக்கதோஷம், தையல்காரம்மாவின் பெயரைக் கணீரென்று சொல்லிவிட்டார். "யாரும்மா உங்களை இப்படிச் சொல்லச் சொன்னது?" என்றார் உன் சம்பந்தி. டீச்சரம்மா பழையவளை நோக்கி விரலை நீட்டி, "இந்தம்மாதான். எவ்வளவு நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கேன் பாருங்க" என்றார். வார்டே சிரித்தது. உன் சம்பந்தி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மெமோவை என் கண் முன்னாலேயே கிழித்துத் தொட்டியில் போட்டுவிட்டு, "இப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு வெச்சுக்குங்க" என்கிறார். நடக்கவே இல்லையா? அப்படியானால் நான் எதற்குத் தூக்கம் கெட்டேன்? வேலை நிலைத்துவிட்டதே என்று நீ சந்தோஷப்பட்டுவிடாதே. உடனே செய்ய வேண்டியவை: நீ அவருக்குப் போன் செய்து, கிழித்த மெமோவைத் திரும்ப எழுதி எனக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும். அவர் அதை முறைப்படி ரத்து செய்து, என்மீது தப்பில்லை என்று கீழே கையெழுத்துப் போட வேண்டும். பழையவள் அதை வார்டில் நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். டீச்சரம்மாவும் தையல்காரம்மாவும் அவரவர் பெயரைப் படித்து வைக்க வேண்டும், அதை நானே பார்த்துக்கொள்கிறேன். விசிறியை யாராவது நகர்த்தி மாட்ட வேண்டும்.