ஒரு வண்டிப் பனி

மதிப்பிற்குரிய நோரீன் சித்திக்கு,

உங்கள் அக்கா மகன் லையல் கல்லூரி விடுதியிலிருந்து பணிவோடு எழுதுவது. நான் நலம். உங்கள் பிக்கப் வண்டியும் ஏறக்குறைய நலம். உங்கள் முழங்காலும், நீங்கள் மேற்பார்க்கும் கேசினோ சமையலறையும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். சமையலறை பற்றிக் கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

நம் பழங்குடியின் அனிஷினாபே மொழிப் படிப்பில் ஒன்றைத் தவிர எல்லாம் தேறிவிட்டேன். பனிக்காலக் கதை ஒன்றை முழுசாக நம் மொழியிலேயே சொல்ல வேண்டும். அது தேறினால்தான் மழலையர் பள்ளியில் வேலை. ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் ஜனவரியில் கல்லூரித் தண்ணீர்க் குழாய் வெடித்து வகுப்பறை சறுக்குத் திடலாகிவிட்டது, அப்புறம் வரிசையாகத் துக்கம், நம் ஊரில் ஒருவர் போனால் பாதி வகுப்பு சொந்தக்காரர்கள், மீதி வகுப்பு சமைக்கப் போகிறவர்கள். மார்ச்சில் நாள் குறித்தார்கள், அன்றைக்கு நான் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தேன், அதைப் பற்றி மேலே பேச விரும்பவில்லை. ஏப்ரலில் பனி உருகிவிட்டது. தரையில் பனி இல்லாதபோது அந்தக் கதைகளைச் சொல்லக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். கல்லூரிக்கு அங்கீகாரம் தருகிற அலுவலகத்துக்குத் தெரியாது. மே மாதம் ஆள் அனுப்புகிறோம், அவர் முன்னால் சொல்லட்டும் என்றார்கள். முன்னே அரசுப் பள்ளிகளில் இந்த மொழியைப் பேசிய பிள்ளைகளை அடித்தார்கள், இப்போது பேசுகிறோமா என்று பார்க்க ஆள் அனுப்புகிறார்கள்.

எங்கள் ஆசிரியை ஆர்லெட், எனக்கு ஒன்றுவிட்ட அக்கா, அசைந்து கொடுக்கவில்லை. "பனி இல்லாதப்போ சொன்னா தவளை வந்து போர்வைக்குள்ள படுக்கும்டா. எனக்கென்ன, சொல்லப் போறது நீதானே" என்றாள்.

தரையில் பனி இருக்க வேண்டும் என்றுதானே வழக்கம், யார் கொட்டிய பனி என்று யாரும் கேட்டதில்லையே என்று எனக்குத் தோன்றியது. ஐஸ் ஹாக்கி மைதானத்துக்குப் பின்னால் இயந்திரம் சுரண்டிக் கொட்டிய பனிக் குவியல் கோடை வரைக்கும் கிடக்கும். உங்கள் வண்டியில் ஒரு பாரம் அள்ளிவந்து வகுப்புக்கு வெளியே பரப்பினேன். சாம்பல் நிறம், நடுநடுவே ரத்தம், யாருடையதோ ஒரு பல். வண்டியின் பின்கதவு அப்போதுதான் கழன்றது. ஆர்லெட் வந்து செருப்பால் கிளறிப் பார்த்தாள். "இது பனி இல்லைடா. ஆட்டக்காரங்க துப்பினது" என்றாள். அதற்குள் வந்த அதிகாரி இதை ஏதோ பழைய சடங்கென்று நினைத்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, படம் எடுத்துக்கொண்டார். விஷயம் தெரிந்ததும், பரவாயில்லை, ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னால் போதும், நேரமாகிறது என்றார். ஆர்லெட் என்னைப் பார்த்தாள். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அவர் 'தேறவில்லை' என்று குறித்துக்கொண்டு, தான் தங்கியிருக்கும் விடுதிக்குப் போனார், நாளை காலை ஊருக்குக் கிளம்புகிறாராம்.

ஆகவே சித்தி, எனக்குப் படிப்பு போதும். உங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவ ஓர் இடம் போட்டுக் கொடுங்கள். கழுவும்போது எந்த மொழியும் பேச மாட்டேன். உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் இந்த வருஷம் காட்டரிசி நன்றாக விளையட்டும், வலை கிழியாமல் மீன் விழட்டும்.

உங்கள் மகன் போன்ற,
லையல்

பின்குறிப்பு: பாத்திர வேலை வேண்டாம், தேறிவிட்டேன். காலையில் எழுந்தால் முழங்கால் வரை பனி, மே மாதத்தில். ஆர்லெட் செருப்போடு ஓடிவந்து கதவை இடித்தாள். "எழுந்திரு, உருகுறதுக்குள்ள சொல்லு." போகிற வழியில் அதிகாரியையும் எழுப்பிக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். முழுக் கதையும் நம் மொழியில்தான் சொன்னேன், சாயங்காலம் வரை ஆயிற்று. அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நேரமாகிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஊருக்குப் போகிற சாலை பனியில் மூடியிருந்தது.